எங்கள் வீட்டில் சாமி இருந்த வருஷம்

மே 12

கீழ் வயல் நடவு முடிந்தது. நட்டது இயந்திரம்தான். அது திரும்ப முடியாமல் விட்டுப்போன மூலைகளில் நான் இறங்கி நட்டேன். இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

மத்தியானம் ஒசாகாவிலிருந்து ஷிஹோ பேசினாள். ஏழாம் மாதம். குரல் நன்றாக இருந்தது. "அம்மா, ஜூன் கடைசியில வந்துடறேன். டவுன் ஆஸ்பத்திரியில பேரு குடுத்து வெச்சிரு. மேல் ரூம் எனக்கு. ஃபேன் மட்டும் புதுசு வாங்கு, அந்தப் பழசு என்னைவிட கத்தும்."

சரி சரி என்றேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போவாள்? மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர், அக்டோபர் கடைசியில்தான் கரையிறங்குவார். மாமியாரும் இல்லை. உடனே ஃபேனுக்குப் பணம் கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. மேல் ரூமில் சாமி இருக்கிறது.

மே 13

காலையில் என் வீட்டுக்காரர் யசுமாசாவிடம் சொன்னேன். சாமிக்குச் சோறு படைத்துவிட்டு இறங்கி வந்திருந்தார். கேட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

போன அக்டோபர் திருவிழாவில் எங்கள் முறை வந்தது. முறை வீட்டில் ஒரு வருஷம் சாமி தங்கும். வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். வாயில் வெள்ளைத் தாளைக் கவ்விக்கொண்டு அவர்தான் அதைத் தூக்கி வந்தார், மனுஷ மூச்சு சாமி மேல் படக் கூடாது என்று. அன்றிலிருந்து வாசலில் வைக்கோல் கயிறு. சாமிக்குத் தனி நெருப்பு, அதில் வெந்ததைத்தான் அவரும் சாப்பிடலாம். இறைச்சி உள்ளே வரக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போகக் கூடாது, இது எனக்கும் சேர்த்து. பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை கயிற்றைத் தாண்டி வரக் கூடாது.

அவளை நான்தான் பெற்றேன். நானே வாசலில் நிறுத்த வேண்டுமாம்.

"நம்ம பொண்ணுங்க அவ."

"தெரியும்."

"தெரியும்னா?"

"மொரிவாகி ஐயாகிட்ட கேட்டுப் பாக்கறேன்."

சொந்த மகள் வீட்டுக்கு வரலாமா என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்க, அறுபது வயது ஆள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மே 19

மொரிவாகி ஐயா வீட்டில் கூட்டம். ஊரில் மிச்சம் இருப்பது ஒன்பது வீடு. தேநீர் ஊற்ற என்னையும் கூப்பிட்டார்கள்.

ஐயாவுக்கு எண்பத்து நாலு. இன்னும் நாற்காலியில் உட்கார மாட்டார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்கிற வீட்டுலதான் சாமி தங்கணும்" என்றார். "எல்லா வீடும் ஒண்டிக்கட்டை. என்னையும் சேத்துத்தான். குகே வீட்டுல இப்பத்தான் சாவு. உங்க வீட்டை விட்டா வேற வீடு ஏது, யசுமாசா?"

நகோயாவில் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய குகே பையன், பாவம், வாயைத் திறந்தான். "ஊர் மண்டபத்துல வெச்சுடலாமே ஐயா. ஏசி இருக்கு. ஒரு கேமரா மாட்டினா எல்லாரும் வீட்டிலேர்ந்தே கும்பிட்டுக்கலாம்."

"சாமி என்னடா, பார்சலா? மண்டபத்துல எறக்கி வெச்சுட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போக?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: "உங்க முறை வந்தப்ப சாமி சோத்துக்கு ரைஸ் குக்கர் வெச்சீங்களே ஐயா. அது மட்டும் ஆகுமா?"

ஐயா என்னைப் பார்க்கவில்லை. யசுமாசாவைப் பார்த்துச் சொன்னார்: "அது சோறு. இது ரத்தம்."

பிறகு, ஏதோ பெரிய மனசு பண்ணுகிற மாதிரி, "ஓடைக்கு அந்தாண்ட பேறுகாலக் குடிசை இருக்கே. எங்கம்மா காலத்துல பொம்பளைங்க எல்லாம் அங்கதான் போய் இருப்பாங்க. பொண்ணு வந்தா அங்க தங்கட்டுமே" என்றார்.

அந்தக் குடிசையில் இப்போது ஊர்த் தீயணைப்பு பம்ப் கிடக்கிறது. பம்ப் பக்கத்தில் என் பெண்ணைப் படுக்க வைக்கச் சொல்கிறார். யசுமாசா ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா? நான் எல்லோருக்கும் இன்னொரு சுற்றுத் தேநீர் ஊற்றினேன்.

மே 20

ஷிஹோவிடம் சொல்லிவிட்டேன். சாமி இருக்கிறது, அக்டோபர்வரை பொறுத்துக்கொள் என்று சொன்னேன்.

"பரவால்லம்மா. இங்கயே பாத்துக்கறேன். நீ ஒன்னும் கவலைப்படாத."

யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது, எதற்கும் 'பரவாயில்லை' சொல்ல வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே "நல்ல பொண்ணு" என்றேன்.

ஜூன் 8

புது ஃபேன் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் படிக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறேன்.

ஜூன் 21

இன்று சண்டை. நான் ஒசாகாவுக்குப் போய்விடுகிறேன், பிள்ளை பிறந்த வீட்டில் இருந்துவிட்டு அக்டோபருக்கு மேல் வருகிறேன் என்றேன்.

"நீ இல்லாத வீட்டுல சாமி தங்காது, ஹருயோ."

"தங்காட்டிப் போகட்டுமே!"

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எங்கப்பா வெச்சிருந்தார். அவர் அப்பா வெச்சிருந்தார். எத்தனையோ தலைமுறை. எல்லாம் போய்க் கடைசியில என் கையில வந்து நிக்கணுமா? நம்ம உரதானி ஊர்ல யார் காலத்துல நின்னுதுன்னு கேட்டா, என் பேரைத்தானே சொல்லுவாங்க?" என்றார். கன்னம் நடுங்கியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஒரு பக்கமாவது கெட்டவர்களாக இருந்திருக்கலாம்.

ஜூலை 17

பெண் குழந்தை. நாகி என்று பெயர். அப்பா கடலில் இருப்பதால், அலையில்லாத கடல் என்று பொருள் வரும் பெயர். ஷிஹோ தனியாக டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் அந்த நேரத்தில் சாமிப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

போனில் முகம் பார்த்தேன். சிவப்பாக, கோபமாக, அப்படியே மொரிவாகி ஐயா மாதிரி.

சொல்லி வைத்தாற்போல் அவரே வழியில் வந்து நின்றார். "போன்ல பாத்தியாமே?" போனில் பார்த்தால் தீட்டு ஒட்டுமா ஒட்டாதா என்று யசுமாசாவும் அவரும் நடுரோட்டில் நின்று பேசினார்கள். அடுப்படியில் வைத்துப் பார்க்கலாம், மாடியில் கூடாது, பார்த்ததும் உப்புப் போட வேண்டும் என்று முடிவானது. போன் மேல் உப்புத் தூவினேன். பேத்தியின் முகத்தின் மேல் உப்புத் தூவினேன்.

ஜூலை 30

ஷிஹோ இப்போது முகம் காட்டுவதில்லை. வெறும் குரல்தான். பின்னால் குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது.

"தூங்கறியா?" "தூங்கறேன்." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. நகராட்சி நர்சம்மா வந்தாளா என்றால், வந்தாள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 7

பக்கத்து வீட்டு ஒகினோ அக்காவிடம் புலம்பினேன். அவருக்கும் மகள் உண்டு. களை பிடுங்குவதை நிறுத்தாமல் சொன்னார்: "என் பொண்ணுக்கும் அப்படித்தான் இருந்துது. நான் போய்ப் பக்கத்துல படுத்துக்கிட்டேன். வேற வைத்தியம் ஒன்னும் பண்ணலை."

அந்தப் பேச்சு முழுநாளும் காதில் நின்றது.

ஆகஸ்ட் 14

செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். எல்லா வீட்டிலும் விளக்கு. முறை வீடு என்பதால் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. கல்லறைக்கும் போகக் கூடாது. என் அம்மா வந்து பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறதே என்று திரும்பியிருப்பாள்.

ஷிஹோ தானாகவே கூப்பிட்டாள்.

"அம்மா, சாமி இன்னிக்கு சாப்பிட்டுதா?"

"ம்."

"நல்லா தூங்குதா?"

என்ன கேட்கிறாள் இவள்?

"அழவே அழாதுல்ல, அது? குடுத்து வெச்சவ நீ."

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு என் பெண்ணுடையது இல்லை.

ஆகஸ்ட் 19

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

சாயங்காலம் கூப்பிட்டாள். ரொம்ப அமைதியாகப் பேசினாள். "அம்மா, பால்கனிக் கதவுக்கு மேல்பூட்டு ஒன்னு வாங்கிப் போட்டேன்."

குழந்தை இன்னும் தவழக்கூட இல்லையே, எதுக்குடி பூட்டு என்றேன்.

"குழந்தைக்கு இல்லம்மா."

அவள் இருப்பது ஏழாவது மாடி.

"சாவியைக் கீழ் வீட்டு நோகுச்சி அம்மாகிட்ட குடுத்துட்டேன். நானே கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். அதனால பரவால்லம்மா. நீ கவலைப்படாத."

ஷிஹோவிடமே நம்பர் வாங்கி நோகுச்சி அம்மாவைக் கூப்பிட்டேன். முன்பின் பார்த்திராத மனுஷியிடம் போனில் அழுதேன். "நான் மேல போய் அவளோட படுத்துக்கறேம்மா. நீங்க வர்ற வரைக்கும் நகர மாட்டேன்" என்றார். மூன்று மாதமாக நான் செய்யாததை ஒரு வேற்றாள் செருப்பை மாட்டிக்கொண்டு உடனே போய்ச் செய்கிறாள்.

யசுமாசாவிடம் பூட்டைப் பற்றிச் சொன்னேன். "விடியக்காலம் முதல் ரயில்ல போறேன். திரும்பி வந்தா அவளோடதான் வருவேன். வாசல்ல கயிறு இருந்தா நானே அருவாளால அறுப்பேன். உங்க சாமி என்ன பண்ணுதோ பண்ணிக்கட்டும்!"

அவர் மாடி ஏறிப் போய்விட்டார். இவ்வளவு சொல்லியும் சாமியிடம்தான் போனார்.

ஆகஸ்ட் 20

ரயிலில் எழுதுகிறேன்.

விடியற்காலை பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அரிவாளையும் எடுத்துக்கொண்டேன், சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. வாசலில் கயிறு இல்லை.

ரோட்டில் இறங்கினால், நடுவில் தீயணைப்பு பம்ப் கிடக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசைக் கதவு திறந்திருக்கிறது, பெருக்கிய குப்பை வாசலில் குவிந்திருக்கிறது. எனக்குப் பின்னால் காலடிச் சத்தம். யசுமாசா வீட்டிலிருந்து வருகிறார், வெள்ளை உடுப்பு, கையில் பெட்டி, வாயில் தாள். என் கையில் அரிவாளைப் பார்த்தார். தாள் வாயில் இருந்ததால் பேச முடியவில்லை. கண்ணால் 'இரு' என்றார். பாலத்தைக் கடந்து குடிசைக்குள் போய் வைத்துவிட்டு, ஓடைக்கரைக்கு வந்து நின்று தாளை எடுத்தார்.

"வீடு இப்ப சும்மா வீடுதான். போய்க் கூட்டிட்டு வா."

"நீங்க?"

"நான் சாமியோட இங்க இருந்துக்கறேன். நெருப்பையும் எடுத்துட்டு வந்துட்டேன்."

நான் நகராமல் நின்றேன். எத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம், புதிதாகத் தெரிந்தது.

"ஃபேனைப் பிரிச்சு மேல் ரூம்ல மாட்டிட்டேன்" என்றார். "சத்தம் வரலை."

ஆகஸ்ட் 21

கதவைத் திறந்தது அவள்தான். உயிரோடு இருக்கிறாள். அதை மட்டும் முதலில் எழுதி வைக்கிறேன்.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. அவள் தலை சிக்குப் பிடித்து, சட்டையில் பால் காய்ந்து கிடக்கிறது. குழந்தை மட்டும் அவ்வளவு சுத்தம், நகம்கூட வெட்டியிருக்கிறது. நோகுச்சி அம்மா சாவியை என்னிடம் நீட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வரலாமாம்மா? நிஜமாவா? சாமி?"

"சாமி வெளிய போயிடுச்சு."

அப்போதுதான் அழுதாள். குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக. நானும் அழுதேன்.

டாக்டரைப் பார்த்தோம். இது நோய், உங்கள் மனசு கெட்டதால் வந்தது இல்லை, மருந்து இருக்கிறது என்றார். தனியாக விடாதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஆகஸ்ட் 24

வீட்டுக்கு வந்தாயிற்று. பேத்தியை மேல் ரூமில், பெட்டி இருந்த அதே இடத்தில்தான் படுக்கப் போட்டோம். வேறு இடமில்லை. பெட்டியும் இவள் நீளம்தான் இருந்திருக்கும்.

மத்தியானம் மொரிவாகி ஐயா ஓடைக்கரைக்கு வந்து கத்தினார். ஊரே கேட்டது.

"காலங்காலமா ரத்தம் சிந்தின இடம்டா அது! தீட்டுக் குடிசைடா! அங்க கொண்டுபோய் சாமியை வெச்சிருக்கியே, உனக்கு மூளை கீளை இருக்கா?"

யசுமாசா அந்தக் கரையில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். சத்தமே போடாமல் கேட்டார்: "நீங்க பொறந்த இடந்தானே ஐயா?"

ஐயா தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 6

வீடு வீடாகச் சுற்றி வரும் ஊர் அறிவிப்புப் பலகை எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போகிறது. மூன்றாவது வாரம். கடையில் குகே பையன் மட்டும் தலையாட்டினான். ஒகினோ அக்கா இருட்டும் நேரமாகப் பார்த்து வாசலில் கத்திரிக்காய் வைத்துவிட்டு ஓடுகிறார், திருடன் மாதிரி. திருடன் வைத்துவிட்டா போவான்?

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஷிஹோ இன்று முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நேற்று கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது, இன்று மறுபடி இப்படி. மருந்து வேலை செய்கிறதா? கூட்டி வந்தது தாமதமாகிவிட்டதா? அவள் காலின் மேல் என் கால் படும்படி படுக்கிறேன். எழுந்தால் தெரியுமே.

செப்டம்பர் 22

ஓடுகிற தண்ணீரைத் தாண்டித் தீட்டு வராதாம். யார் சொன்னது என்று தெரியாது, அவர்தான் சொல்கிறார்.

அதனால் சாயங்காலம் இந்தக் கரையில் ஷிஹோ பிள்ளையோடு நிற்கிறாள். அந்தக் கரையில் அவர். முதலில் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இந்த வாரம் அவளே நேரம் பார்த்துக் கிளம்புகிறாள், அதற்காகத் தலை வாரிக்கொள்கிறாள்.

"கொஞ்சம் தூக்கிக் காட்டு."

"தெரியுதாப்பா?"

"மூக்கு யார் மாதிரி?"

"அம்மா மொரிவாகி ஐயா மாதிரிங்கறாங்க."

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சிரிப்பது கேட்டது. ரொம்ப இளைத்துவிட்டார். தானே பொங்கித் தின்றால் அப்படித்தான்.

அக்டோபர் 2

ஷிஹோ தானே பிள்ளையைக் குளிப்பாட்டினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒருமுறைகூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம்.

அக்டோபர் 15

திருவிழா. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக வந்து கோயில் படியில் நின்றார்கள், எங்களைப் பார்க்காமல். மொரிவாகி ஐயாவும் வந்தார். கும்பிட்டு முடிந்தது. முறைப்படி சாமி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த வீடு இல்லை. யசுமாசா பெட்டியோடு, வாயில் தாளோடு, தெருமுனையில் நின்றார். ஒருத்தருக்கும் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை.

மொரிவாகி ஐயா தடியை ஊன்றி முன்னால் வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடைப் பக்கம் நடந்தார். பாலத்தைத் தாண்டிக் குடிசைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பெட்டி உள்ளே போனது.

"நாளைக்கு யார் சமைக்கிறது?" என்று குகே பையன் கேட்டான்.

"ஒவ்வொரு வீடா மாத்தி மாத்திப் பாத்துக்கலாம். நாளைக்கு நான்" என்றார் ஐயா. கொஞ்சம் பொறுத்து, என் பக்கம் திரும்பாமலேயே, "ரைஸ் குக்கர் எடுத்துட்டு வரேன்" என்றார்.

இருட்டுவதற்குள் யசுமாசா வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரலாமா என்று கேட்பவர் மாதிரி. வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். குளித்தார். நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேலே போய், ஷிஹோவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

ஷிஹோ பிள்ளையைக் கையில் வைத்தாள். பெட்டியைத் தூக்குவது மாதிரியே தூக்கினார், நெஞ்சுக்கு நேராக, அசையாமல். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். முகம் சிவந்துகொண்டே போனது. எனக்குப் புரியவில்லை, நெஞ்சை அடைக்கிறதோ என்று பயந்துவிட்டேன்.

ஷிஹோவுக்குப் புரிந்தது.

"அப்பா, மூச்சு விடுங்க. இது சாமி இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுடைய பழைய சிரிப்பு, பாதியில் விக்கல் மாதிரி நிற்குமே, அது.

அவர் மூச்சு விட்டார். அது முகத்தில் பட்டதும் பிள்ளை கண்ணைச் சுருக்கியது.